மூன்று வரியில் ஒரு கொலை

ஹொளெகட்டி ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் ஒருநாள் கம்ப்யூட்டர் திரையை லத்தியால் அடித்து நொறுக்கினார். திரை தன்மீது பாய வந்ததாகவும், தற்காப்புக்காகக் குறைந்தபட்ச பலத்தைப் பிரயோகித்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். புதுத் திரை வந்தது.

காளகெரெ மாவட்டப் போலீஸ் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் படித்த சன்னவீராவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவனும் கோட்ரேஷும் சேர்ந்ததுதான் மாவட்டத்தின் கம்ப்யூட்டர் பிரிவு. இருவரும் ஒப்பந்த ஊழியர்கள். மாவட்டத்தின் பதினோரு ஸ்டேஷன்களும் அன்றாடம் நடப்பதைப் பதிகிற தினக்குறிப்பு நிரலை எழுதியவர் கோட்ரேஷ். அந்த நிரல் ஓட்டத்தில் நின்று விழும்போதெல்லாம் பதினோரு ஸ்டேஷன்களின் வசவையும் போனில் வாங்கிக்கொள்வது சன்னவீராவின் வேலை.

நிரல் வாரத்துக்கு மூன்று தடவையாவது விழுந்தது. விழும்போது கறுப்புத் திரையில் நூற்று முப்பத்தேழு வரி ஆங்கிலம் ஓடும். எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைத்தது, அது எதை அழைத்தது, கடைசியில் எங்கே போய் முட்டிக்கொண்டது என்று எல்லாம் அதில் இருக்கும். தெரிந்தவன் படித்தால் கோளாறு எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தெரிந்தவன் யாரும் ஸ்டேஷனில் இல்லை. "உன் மிஷின் மறுபடி மந்திரம் ஓத ஆரம்பிச்சிடுச்சு, வந்து வாயைக் கட்டு" என்று போன் வரும். என்ன எழுதியிருக்கிறது என்று சன்னவீரா கேட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் அவனுடைய அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

ஆகவே பிழையைச் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். மதியம் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கோட்ரேஷிடம் சொன்னான். கோட்ரேஷுக்கு ரொம்ப சந்தோஷம். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி, யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர்.

"நூத்தி முப்பத்தேழுல நூத்தி முப்பத்திநாலு நாம எழுதினதே இல்ல தம்பி. எவனோ எங்கேயோ எழுதினது. அதை எதுக்குக் காளகெரெ போலீஸ்காரன் படிக்கணும்? வெட்டித் தள்ளு" என்றார்.

சன்னவீரா மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டினான். மிச்சம் இருந்த மூன்று வரியையும் கன்னடத்துக்கு மாற்றினான். என்ன நடந்தது என்பது சிவப்பில். எங்கே நடந்தது என்பது நீலத்தில். எது அழைத்து நடந்தது என்பது பச்சையில். ஸ்டேஷன் திரைகள் பழசு, அகலம் போதாது. அதனால் 'வேலை எண்' போன்ற உபரி வார்த்தைகளையும் எடுத்துவிட்டான். திங்கட்கிழமை பதினோரு ஸ்டேஷன்களிலும் அதை ஏற்றிவிட்டு, அன்றைக்கு ஒரு வசவும் வராததைக் கவனித்துப் பெருமைப்பட்டான்.

புதன்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு சர்வரின் நினைவகம் நிரம்பியது. நிரம்பினால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் ஏதாவது ஒன்றைக் கொன்று இடம் பண்ணிக்கொள்ளும். தொழிலில் அதற்குக் கொல்வது என்றே பெயர். அன்று கொல்லப்பட்ட வேலையின் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்த டவுன் ஸ்டேஷனின் திரையில் மூன்று வரி வந்தது.

*4417 கொல்லப்பட்டது.*
*இடம்: வீடு, கோட்ரேஷ், தினக்குறிப்பு, வரி 212.*
*அழைத்தது: மெயின்.*

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கும். அதற்கு வீடு என்று பெயர். கோட்ரேஷ் எழுதிய நிரல் கோட்ரேஷின் வீட்டில் இருந்தது. நிரல் தொடங்குகிற பகுதிக்கு மெயின் என்று பெயர். இது சன்னவீராவுக்குத் தெரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹெட் கான்ஸ்டபிள் யமனப்பாவுக்குத் தெரியாது. யமனப்பா ஸ்டேஷன் எழுத்தர். கம்ப்யூட்டரை நம்ப முடியாது என்பதால், திரையில் வருவதில் படிக்க முடிந்ததையெல்லாம் நோட்டிலும் மையால் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் எந்தச் சுற்றறிக்கையையும் மீறியதில்லை. நூற்று முப்பத்தேழு வரி ஓடிய காலத்தில் படிக்க முடியவில்லை, எழுதவில்லை. இப்போது நன்றாகப் படிக்க முடிந்தது. எழுதினார். எழுதி, நேரம் போட்டு, அடிக்கோடும் இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் ஹிரேகௌடர் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் யமனப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மூக்குக்கண்ணாடி பறந்துபோய்த் துப்பாக்கி அலமாரிக்கு அடியில் விழுந்தது. யமனப்பா தவழ்ந்துபோய் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிக்க முடிந்ததால் எழுதினேன் சாகேப்ரே என்றார். அதற்கு இரண்டாவது அறை விழுந்தது. ஆனாலும் எழுதினது எழுதினதுதான். இரண்டு கான்ஸ்டபிள்கள் மாடி ஏறினார்கள். ஒரு சின்னக் கையெழுத்து என்று சொல்லி, ரொட்டி தின்றுகொண்டிருந்த கோட்ரேஷை எழுப்பினார்கள். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. சன்னவீராவும் பின்னாலேயே இறங்கினான்.

ஹிரேகௌடர் கோட்ரேஷை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மிகவும் அன்பாகப் பேசினார்.

"கோட்ரேஷ், நானும் கம்ப்யூட்டர் டிப்ளமா வாங்கினவன். இது ஆள் இல்ல, மிஷினுக்குள்ள ஓடற ஒரு வேலைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மையில ஏறிடுச்சேய்யா. மையில ஏறினதை அடிக்கக் கூடாது, ரூல். அதனால உன்னை அடிக்க வேண்டியிருக்கு. சனிக்கிழமை எஸ்.பி. சாகேப்ரோட குற்றக் கூட்டம். கண்டுபிடிக்காத கொலைன்னா என்னைக் காட்டுக்குத் தூக்கிப் போடுவாங்க. கண்டுபிடிச்ச கொலைன்னா பாராட்டுக் கடிதம். கொலையே நடக்கலைன்னு எழுத அந்தப் படிவத்துல கட்டம் இல்ல. நீ படிச்சவன், நீயே சொல்லு. என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவே?"

கோட்ரேஷ் நிஜமாகவே யோசித்தார். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம், பத்து நிமிஷ வேலை, மேலே போய் இப்போதே செய்து தருகிறேன் என்றார். ஹிரேகௌடர் வருத்தத்தோடு தலையசைத்துவிட்டு உள் அறையின் கதவைச் சாத்தச் சொன்னார்.

சன்னவீரா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதலில் கேட்டது பெல்ட் சத்தம். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பது போல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளங்காலில் அடிக்கிற சத்தம். அது வேறு மாதிரி, மந்தமாக இருந்தது. கோட்ரேஷ் முதலில் ஒவ்வோர் அடிக்கும் நடுவே நினைவகத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கம் நின்றது, வெறும் அலறல் மட்டும் வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கான்ஸ்டபிள், சன்னவீராவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கோட்ரேஷ் குடியிருக்கும் வாடகை வரிசையில் மொத்தமே ஒன்பது வீடுதான், இருநூற்றுப் பன்னிரண்டு எங்கே இருக்கிறது என்றும் கேட்டான்.

"அது வீட்டு நம்பர் இல்லண்ணா. நிரல்ல இருநூத்திப் பன்னிரண்டாவது வரி" என்றான் சன்னவீரா.

கான்ஸ்டபிள் அவனை இரக்கத்தோடு பார்த்தான். "அவனும் இதையேதான் சொல்றான். ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அன்று சாயங்காலத்துக்குள் கோட்ரேஷின் வலது கையில் மூன்று விரல்கள் வீங்கி வாழைப்பூ நிறத்துக்கு வந்துவிட்டன. அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழைத் தானே கொன்றதாகவும், முன்விரோதம் காரணம் என்றும் இடது கையால் கையெழுத்திட்டார்.

மூன்றாவது வரி பாக்கி இருந்தது. மெயின் யார் என்று தேட வேண்டியதாயிற்று. டவுன் ஸ்டேஷனின் பழைய ரவுடிப் பட்டியலில் அதற்கு மிக நெருக்கமாக இருந்த பெயர் மைனுத்தீன். ஊரில் மைனு என்பார்கள். கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு போனபோது அங்கே கல்லெறி நடந்ததால் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. அதுவும் மையில்தான். வியாழக்கிழமை காலை ஒத்திகையிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். ஜீப்பில் ஏற்றும்போதே லத்தியின் முனை வாயில் பட்டு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போய்விட்டன.

மைனு அனுபவசாலி. உள்ளே போனதும் எங்கே கையெழுத்து என்று கேட்டார். ஆனால் அடிக்காமல் வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் சந்தேகத்தைக் கிளப்பும் என்று சொல்லி முறைப்படி அரை மணி நேரம் அடித்த பிறகே பேனாவைக் கொடுத்தார்கள். லாக்-அப்பில் கோட்ரேஷைப் பார்த்ததும் அவர் தன் சட்டையைக் கிழித்து விரல்களைச் சுற்றிக் கட்டினார்.

"அண்ணே, புதுசா? முதல் அடியிலேயே கத்தணும். பத்தாவது அடி வரைக்கும் பொறுத்துக்கிட்டு அப்புறம் கத்தினா, அவனுக்கு இன்னும் பத்து அடிக்குத் தெம்பு வந்துடும்" என்று பொக்கை வாயோடு சொல்லிக் கொடுத்தார்.

சன்னவீரா கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு அவன் வைத்தது. நீலம் அவன் வைத்தது. அந்தப் பச்சை வரி இல்லாமலே சமாளித்திருக்கலாம், அழகுக்காகத்தான் சேர்த்தான். அவன் நேராக எஸ்.பி.யைப் பார்க்க ஓடினான்.

எஸ்.பி. ராணாவத் ராஜஸ்தான்காரர். பயிற்சிக் கல்லூரியில் புத்தகத்தை வைத்துக் கன்னடம் கற்றவர். அதனால் அவர் பேசினால் அறிவிப்புப் பலகை பேசுகிற மாதிரி இருக்கும். சன்னவீராவை அவர் எழுந்து நின்று கைகொடுத்து வரவேற்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் தொடங்கிவிட்டார்.

"இதுவரை குற்றவாளி நூற்று முப்பத்தேழு வரிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். தாங்கள் அவனை வெளியே இழுத்து வந்தீர்கள். என்ன நடந்தது, எங்கே, யாரால். காவல் துறைக்கு வேறென்ன வேண்டும்? இருபது ஆண்டுகளாக நான் புலன்விசாரணை என்ற பெயரில் காலத்தை வீணடித்திருக்கிறேன். இனி இந்த மாவட்டத்தில் விசாரணை கிடையாது. வாசிப்பு மட்டுமே."

சன்னவீரா தட்டுத் தடுமாறி, அது உண்மையில் கொலை இல்லை, இயந்திரத்துக்குள் நடக்கிற ஒரு காரியம் என்றான். எஸ்.பி. பரிவோடு சிரித்தார். குற்றவாளிகள் இருவருமே ஒப்புக்கொண்ட பிறகு கொலை நடக்கவில்லை என்று சொல்வதற்குத் தாங்கள் யார் என்று கேட்டார். சனிக்கிழமைக் கூட்டத்தில் பெரிய திரையில் மூன்று வரியும் அப்போதைக்கப்போது வந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு அவனே பொறுப்பு என்று உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பினான்.

வழக்குக்குப் பிணம் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் ஹிரேகௌடருக்கு ஞாபகம் வந்தது. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில், ஏரியில் மிதந்து வந்த ஒரு கிழவர் மூன்று வாரமாகக் கேட்பாரற்றுக் கிடந்தார். அவர் கால் கட்டைவிரலில் 4417 என்று அட்டை கட்டினார்கள். கிழவருக்கு அறுபது வயது இருக்கும். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழுக்குக் கோட்ரேஷின் வாக்குமூலப்படி வயது நாற்பது நிமிஷம். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையில் நிரலைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் லாக்-அப்பில் இருந்ததால் சர்வரின் நினைவகம் நிரம்பிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை நான்கு ஸ்டேஷன்களில் நான்கு வேலைகள் விழுந்தன. வெள்ளி காலையில் மட்டும் இன்னும் ஒன்பது விழுந்தன. பதினோரு எழுத்தர்களும் சுற்றறிக்கையை மதிக்கிறவர்கள். எல்லாவற்றிலும் இடம் கோட்ரேஷின் வீடு, அழைத்தது மெயின். இருவரும் லாக்-அப்பில் இருக்கும்போதே இத்தனை கொலை என்றால் இது பெரிய கும்பல் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பேர் கடப்பாரையோடு கோட்ரேஷின் வீட்டுக்குப் போனார்கள். என்ன நடக்குமோ என்று சன்னவீராவும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

நீலவ்வா, கோட்ரேஷின் மனைவி, ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. குளியலறைத் தரையை உடைத்தார்கள். கறிவேப்பிலை மரத்தை வேரோடு பிடுங்கினார்கள். சுவரில் வரிசையாக எண்ணி இருநூற்றுப் பன்னிரண்டாவது செங்கல்லைப் பெயர்த்து, பின்னால் ஒன்றும் இல்லாததைப் பதிந்துகொண்டார்கள். பெயர்த்ததில் சுவர் பாதி சரிந்து அடுப்பின்மேல் விழுந்தது. பிறகு ஒரு கான்ஸ்டபிள் சோள மாவுப் பானையைக் கவிழ்த்துப் பூட்ஸ் காலால் துழாவினான். அவள் எழுந்தாள். சரிந்த செங்கல்லுக்கு அடியிலிருந்து இரும்புத் தவாவை இழுத்து இரண்டு கையாலும் பிடித்து அவன் நெற்றியில் அடித்தாள். அவன் மாவிலேயே உட்கார்ந்தான். மாவு சிவந்தது. ஐந்து தையல் போட வேண்டியிருந்தது. மற்ற ஏழு பேரும் அவளை முடியைப் பிடித்து இழுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். குறுக்கே போன சன்னவீராவின் விலாவில் துப்பாக்கிக் கட்டை ஒன்று இறங்கியது. ஜீப் போன பிறகும் வெகுநேரம் அவனால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை.

மதியத்துக்குள் ஊர் கொதித்துவிட்டது. மூன்று நாளில் பதினான்கு கொலை என்று உள்ளூர்ப் பத்திரிகை சிறப்புப் பதிப்பே போட்டிருந்தது. யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனாலேயே பயம் அதிகமாயிற்று, பக்கத்துத் தெருவாக இருக்கும் என்று ஒவ்வொரு தெருவும் நம்பியது. ஆயிரம் பேர் ஸ்டேஷனைச் சூழ்ந்துகொண்டார்கள். கொலைகாரர்களை எங்களிடம் கொடு என்றார்கள். பஸ் ஒன்று எரிந்தது. கல் மழையாக விழுந்தது. போலீஸ் இறங்கி அடித்தது. பால்காரர் ஒருவரின் கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கித் தொங்குவதைச் சன்னவீரா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி உடைந்து அவன் புருவம் கிழிந்தது.

கூட்டத்தில் ஒரு பகுதி பின்பக்கச் சுவரேறி லாக்-அப் ஜன்னலுக்கு வந்துவிட்டது. எரிகிற டயர்த் துண்டு ஒன்று கம்பி வழியே உள்ளே விழுந்தது. மைனு அதை வெறுங்கையால் எடுத்துத் திருப்பி வீசினார். உள்ளங்கைத் தோல் டயரோடு போயிற்று. கோட்ரேஷ் ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, வெளியே வாடா உன் தோலை உரிக்கிறேன் என்று கத்தியவன் பதினைந்து வருஷமாக அவருக்கு முடிவெட்டுகிறவன். சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் கைதிகள் இருவரையும் சம்பவ இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் மக்களுக்குக் காட்டுவது என்று எஸ்.பி. உத்தரவு போட்டிருந்தார். நடத்திக் கூட்டிப்போனால் இருவரும் தெருமுனையைத் தாண்ட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தப்பிச்சு ஓடினாங்கன்னு எழுதினா நாம சுடணும். கூட்டம் அடிச்சிடுச்சுன்னா ஒரு தோட்டா செலவில்ல" என்று ஹிரேகௌடர் படிக்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனதைச் சன்னவீரா கேட்டான்.

சனிக்கிழமை காலை அவன் சீக்கிரமே வந்தான். சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, கோட்ரேஷின் வீட்டில் இருந்த தினக்குறிப்பு நிரலை அப்படியே எடுத்து இன்னொருவர் வீட்டில் வைத்தான். ஒரே கட்டளைதான். எழுதி முடிக்க அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு கூட்ட மண்டபத்துக்குப் போய்ப் பெரிய திரையை இணைத்துவிட்டு ஓரமாக நின்றான்.

பதினோரு இன்ஸ்பெக்டர்களும் வந்திருந்தார்கள். எஸ்.பி. பேச எழுந்தார். குற்றமற்ற மாவட்டம் என்பது பழைய கனவு, ஒவ்வொரு குற்றத்துக்கும் உடனடியாக ஒரு குற்றவாளி உள்ள மாவட்டமே நமது இலட்சியம் என்றார். கைதட்டல் எழுந்தது. கைதட்டல் அடங்கும்போது அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை சிவந்தது.

*5206 கொல்லப்பட்டது.*
*இடம்: வீடு, ராணாவத், தினக்குறிப்பு, வரி 212.*
*அழைத்தது: மெயின்.*

நீல வரியில் எந்தப் பெயர் வருகிறதோ அந்த ஆளைப் போய்ப் பிடித்து வருவது மூன்று நாளில் பழக்கமாகிவிட்டிருந்தது. வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் எஸ்.பி.யை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு, சுதாரித்துக்கொண்டு நின்றார்கள். எஸ்.பி. திரும்பி மூன்று வரியையும் மெதுவாகப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நான்கு நிமிஷத்துக்குள் அவருக்குக் கணினி அறிவியல் முழுவதும் விளங்கிவிட்டது.

"இது வீடு என்ற பொருளில் வரும் வீடு அன்று" என்றார். "கணினியில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட இடம். கொல்லப்பட்டது என்றால் நினைவகப் பற்றாக்குறை. மெயின் என்பது மனிதரே அல்லர். இவ்வளவு எளிய விஷயம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உங்களில் ஒருவருக்குமா தெரியவில்லை?"

"தெரியும் சார்" என்றார்கள் பதினோரு பேரும்.

அது உண்மைதான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொலையே நடக்கவில்லை என்று எழுதக் கட்டம் இல்லாத படிவத்துக்கு, 'தவறாகப் பதியப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை உண்டு என்பதும், அது எல்லா ஸ்டேஷன்களிலும் எழுத்தரின் இழுப்பறையிலேயே இருக்கிறது என்பதும் தெரிய வந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாப் பக்கங்களிலும் குத்தினார்கள். பிணவறைக் கிழவரின் கால் அட்டையைக் கழற்றினார்கள். அவர் மறுபடியும் யாரோ ஆனார். படிக்க முடிந்ததை எழுதிய குற்றத்துக்காக யமனப்பா தற்காலிகமாக நீக்கப்பட்டார். பிழைகள் இனிப் பழையபடி முழு நீளத்தில், ஆங்கிலத்தில், யாருக்கும் புரியாத விதத்தில் மட்டுமே தோன்ற வேண்டும் என்று எஸ்.பி. உத்தரவிட்டார். அவசரத்தில் அந்த வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள்.

சன்னவீரா அதைச் செய்து முடிக்கும்வரை ஹிரேகௌடர் பொறுமையாகக் காத்திருந்தார். முடித்ததும் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை அடித்துக்கொண்டே இறங்கினார். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே வந்து சேர்ந்ததும், மூச்சு வாங்க, ஒப்பந்தம் முடிந்தது என்றார்.

கோட்ரேஷையும் மைனுவையும் பின்வாசல் வழியாக விட்டார்கள். கோட்ரேஷுக்குப் பாதத்தை ஊன்ற முடியவில்லை. சன்னவீரா ஒரு பக்கமும் மைனு ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மூவரில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்காது. பச்சை வரியை எழுதியவன் தான்தான் என்று சன்னவீரா மைனுவிடம் சொன்னான். சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

மைனு கோட்ரேஷின் கையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "நீ வேற ஏதாவது எழுதியிருந்தாலும் என் பேர் மாதிரிதான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். காற்று பல் இடுக்கில் வெறுமனே போயிற்று. "இனிமே டிரம்தான் அடிக்கணும்" என்றார். கையைப் பார்த்தார். அதற்கும் ஒரு மாசம் ஆகும் போலிருந்தது.

நீலவ்வாவை மட்டும் விடவில்லை. கொலைகள் எல்லாம் தவறாகப் பதியப்பட்டவை. கான்ஸ்டபிளின் நெற்றி தவறாகப் பதியப்பட்டதல்ல. நிஜ ரத்தம், நிஜத் தையல், ஏழு சாட்சி. அந்த வாரத்துக் குற்றங்களில் உயிரோடு எஞ்சியது அந்த ஒரு வழக்குதான். அதை மிகுந்த அக்கறையோடு நடத்தினார்கள்.

மூன்றாவது மாதம் விசாரணைக்கு வந்தது. கோட்ரேஷ் தடியூன்றி வந்திருந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. சன்னவீரா நீலவ்வாவின் தரப்புச் சாட்சி. அவள் தற்காப்புக்காகத்தான் செய்தாள், தவா கைதவறி விழுந்தது என்றே சொல்லலாம் என்று வக்கீல் நீலவ்வாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். மாஜிஸ்திரேட், கான்ஸ்டபிளை அடித்தது உண்மையா என்று கேட்டார். நீலவ்வா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கான்ஸ்டபிளை ஒரு தரம் பார்த்தாள். அவன் தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டான்.

"அடிச்சேன்" என்றாள். "தவா அப்போ ஆறிப்போயிருந்தது. அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம். எழுதிக்குங்க."

கோர்ட் எழுத்தர் எழுதிக்கொண்டார். அந்த வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அந்த மாவட்டத்தில் யாரையும் அடிக்காமல் பெற்ற ஒரே ஒப்புதல் வாக்குமூலம் அது.